காவோலையின் மேல் இருந்த கல்

இதனை எழுதி வைக்க வேண்டிய கடப்பாடு எனக்கு ஒரு பாராட்டினால் வந்தது. மிதிவண்டிப் பயணத்தில் விருப்பமுள்ள அன்பர் ஒருவர், யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாகனங்களின் தொல்லையின்றிச் செல்லத்தக்க மக்கிச் சரளைப் பாதைகளை வரிசைப்படுத்தித் தருமாறு என்னைக் கேட்டிருந்தார். எழுதிக் கொடுத்தேன். அதனைச் சிறு கையேடாக அச்சிட்டபோது, முன்னுரையிலே, "இப்பாதைகளைத் தேடிக் கண்டறிந்த ஆசிரியர்" என்று என்னைக் குறித்துவிட்டார். அச்சொற்களை வாசித்த நாள் முதல் எனக்கு நிம்மதி இல்லை. நான் எந்தப் பாதையையும் கண்டறிந்தவன் அல்லன். எனக்கு அவற்றைக் காட்டியவர், குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மீன் வியாபாரி ஒருவர். அப்பாதைகளுள் ஒன்றிலே அவருடைய வலக்கால் பயனற்றுப் போயிற்று. அதற்குக் காரணம் நான். இவ்விரு செய்திகளும் அக்கையேட்டில் இல்லை. நானும் மறைந்தால் வேறெங்கும் இரா. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதுவதற்கு அவரிடம் இசைவு பெறும் வாய்ப்பு எனக்கு இனி இல்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டில் நான் உடுவிலிலிருந்து மானிப்பாய்க்கு அப்பாலுள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பேருந்தில் சென்று வந்தேன். மிதிவண்டி வீட்டில் இருந்தது. சந்தைக்குப் போவதற்கு மட்டும் அதனை எடுப்பேன். தொண்ணூறாம் ஆண்டில் போர் மீண்டும் மூண்ட பின் எரிபொருள் வருவது நின்றது. பேருந்தும் நின்றது. தார் வீதியில் எது அசைந்தாலும் உலங்கு வானூர்தியிலிருந்து படையினர் சுட்டார்கள். கையேட்டை வாங்கிச் செல்வோர் 'வாகனம் இல்லாத பாதை' என்பதை ஒரு பேறாகக் கருதுகின்றனர். எங்களுக்கு அது முற்றுகையின் மறுபெயர். வாகனங்கள் எல்லாம் கொட்டில்களில் சக்கரம் கழற்றப்பட்டு நின்றன. குடாநாடு முழுவதும் மிதிவண்டியின் மேல் ஏறியிருந்தது.

ஒரு நாட் காலை, வானில் இரைச்சல் கேட்டு, மிதிவண்டியை எறிந்துவிட்டு வீதியோரத்து வாய்க்காலில் மல்லாந்து கிடந்தேன். வானூர்தி என் தலைக்கு மேல் வட்டமிட்டது. எதிரேயிருந்த ஒடுங்கிய ஒழுங்கையின் முகப்பிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மாஸ்டர், உப்பிடி வெள்ளை வேட்டியோடை வயித்தைக் காட்டிக்கொண்டு கிடந்தா, மேலை நிக்கிறவன் பாரை மீன் எண்டெல்லோ நினைப்பான்! உள்ளுக்கு வாங்கோ!"

ஓடி உள்ளே புகுந்தேன். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், பின்னிருக்கையில் பெரிய பனையோலைக் கடகம் கட்டிய மிதிவண்டியோடு வேலியை ஒட்டி நின்றார். தாம் குருநகரென்றும், எறிகணைகளுக்கு அஞ்சி மனைவியோடு எங்கள் ஊருக்கு வந்து மூன்று மாதமாகிறதென்றும் சொன்னார். கடலுக்குப் போகத் தடை. கடல்நீர் ஏரியான களப்பின் கரையோரம் வலை வைப்பவர்களிடம் மீன் வாங்கி, கடகத்தில் வைத்து ஊர் ஊராக விற்று வந்தார். வள்ளம் இருந்த இடத்தில் மிதிவண்டி வந்திருந்தது. துடுப்புப் போட்ட கைகளுக்குப் பதிலாகக் கால்கள் உழைத்தன. அக்கால்கள் இரண்டையும் தவிர அவ்வீட்டுக்கு வேறு வருவாய் இல்லை.

"மாஸ்டர் எவ்விடத்துக்கு?"

"மானிப்பாய்க்கு அங்காலை. பள்ளிக்கூடம்."

"அப்ப தார் றோட்டை மறவுங்கோ. நான் உள்ளாலை கூட்டிக்கொண்டு போறன். ஆனா ஒண்டு. கழுவினாலும் என்ரை கடகம் மணக்கும். மணம் பிடிக்காட்டி முன்னுக்குப் போங்கோ. பாதை தெரியாட்டிப் பின்னுக்கு வாங்கோ."

புலால் உண்ணாத நான் மூன்று ஆண்டு காலம் அக்கடகத்தின் பின்னாலேயே சென்றேன்.

அவர் காட்டிய பாதைகளை இன்று அழகியவை என்கின்றனர். அழகியவைதாம். வெங்காயமும் புகையிலையும் நட்ட செம்மண் தோட்டங்களுக்கு இடையே முதற் பாதை செல்லும். பின்னர் இருபுறமும் கிளுவை வேலி நெருங்கிவரும். அங்கே நிலத்தில் மக்கி போட்டிருப்பார்கள். சுண்ணாம்புப் பாறையை வெட்டியெடுத்த வெளிறிய சரளை அது. சக்கரம் அதன்மேல் உருளும் ஓசையன்றி வேறோசை இராது. அதனைக் கடந்தால் பனைகள் அடர்ந்த ஒரு பனங்கூடல். அதனுள்ளே ஒரு வளைவு. வளைவுக்கு அப்பால் மானிப்பாய் வரை வயல் விளிம்பு. மானிப்பாயில் நாங்கள் பிரிவோம். அவர் மேற்கே வெளியைக் கடந்து களப்புக் கரைக்குப் போவார். நண்பகலுக்குள் மீனை விற்றுவிட்டு அதே பாதையால் வீடு திரும்புவார். நான் பின்னேரம் அவ்வழியே வருவேன். பிறர் பலர் அப்பாதையை அறியார்.

போகும்போது அவர் ஓயாமற் கதைப்பார். என் மூக்குக்கண்ணாடி அவருக்கு நகைப்புக்கு இடமானது.

"மழைத்துளி பட்டா உங்களுக்கு உலகம் இல்லை, மாஸ்டர். நான் முன்னுக்கு நிண்டு கை காட்டினாலும், ஆரோ பனை எண்டு நினைச்சு விலத்திக்கொண்டு போவியள்."

"பனை இவ்வளவு கதையாது, தம்பி."

"ஓம், பனை மணக்கவும் மணக்காது!"

இனி, எங்கள் பகுதியில் நிலவிய ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் இல்லாத அந்நாள்களில் பனையிலிருந்து காய்ந்து உதிரும் காவோலை அடுப்பெரிக்கும் பெரும் பொருளாயிற்று. வேலிக்கு உள்ளே விழுந்தது காணிக்காரருக்கு. ஒழுங்கையில் விழுந்தது முதலிற் கண்டவருக்கு. கண்டவர் அப்போதே எடுத்துச்செல்ல இயலாதாயின், மட்டையின் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார். கல் ஏறிய ஓலை பிறர் பொருள். அதனை ஒருவரும் தொடார். இதனைத் தோட்டங்களையும் பனங்கூடல்களையும் சார்ந்து வாழும் நாங்கள் அறிவோம். பாதையில் குழியோ வெடிக்காத எறிகணையோ இருப்பின், இலையோடு கூடிய பச்சைக் குழை ஒன்றை நிலத்தில் நட்டு அறிவிப்போம். அதனையும் அறிவோம். கடற்கரையில் வளர்ந்தவர் ஒருவர் இவ்விரண்டையும் அறிந்திருப்பாரா என்று நான் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டென நினைக்கிறேன். மாரி காலம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், தூறலுக்கு ஊடே மிதிவண்டியில் வந்துகொண்டிருந்தேன். வீட்டில் என் மனைவிக்கு நான்கு நாளாகச் சளியும் இருமலும். விறகெல்லாம் நனைந்துவிட்டது. காலையில் அவள் அடுப்பை ஊதி ஊதி, புகையே மிஞ்ச, வெந்நீரும் இன்றிப் படுத்துவிட்டாள். பனங்கூடல் வளைவில், பாதைக்குக் குறுக்கே, நீண்ட காவோலை ஒன்று கிடந்தது. அடிப்பக்கம் மழையில் நனைந்திருந்தாலும் மட்டை உள்ளே காய்ந்து கெட்டியாக இருந்தது. அதன்மேல் தேங்காயளவு கல் ஒன்று இருந்தது.

கல்லை நான் கண்டேன். இதனை மழுப்பாமல் எழுத வேண்டும். கல்லைக் கண்டேன், யாரோ ஒருவர் தமக்கென வைத்துவிட்டுப் போன ஓலை என்று அறிந்தேன், முன்னும் பின்னும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. கல்லைப் புரட்டி வேலியோரம் விட்டேன். ஓலையைத் தூக்கி மிதிவண்டியில் நீட்டிவைத்துக் கட்டினேன். பாதையில் அன்று நீர் நிறைந்த குட்டைகள் பல. ஓலைக்கு அருகே இருந்ததும் அவற்றுள் ஒன்றாகவே எனக்குத் தோன்றிற்று. ஓலை நீண்டிருந்தமையால் ஏறி மிதிக்க முடியவில்லை. வேலியை ஒட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு விரைந்தேன். களவு செய்தவனுக்குக் குட்டையின் ஆழத்தை ஆராய நேரமில்லை.

"இஞ்சாருங்கோ, உது எங்கை எடுத்தனியள்?" என்று மனைவி கேட்டாள்.

"வழியிலை கிடந்தது."

மட்டை நன்றாக எரிந்தது. அவள் வெந்நீர் குடித்தாள். நானும் தேநீர் குடித்தேன்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. பத்து மணியளவில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிப் படலையில் நின்று, "மாஸ்டர், உங்கடை மீன்காரன் பனங்கூடலுக்கை விழுந்து கால் முறிஞ்சு போச்சாம், ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோட்டினம்" என்றார். பனங்கூடல் என்ற சொல்லைக் கேட்டதும், மேற்கொண்டு ஒன்றும் கேளாமல் மிதிவண்டியை எடுத்தேன். ஏனென்று அப்போது எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

மருத்துவமனைக் கட்டிலில் அவர் படுத்திருந்தார். முழங்காலின் கீழே இரு பக்கமும் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள், துணி சிவந்திருந்தது. அவருடைய மனைவி கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"வாங்கோ மாஸ்டர். மீனைப் பிடிக்கிறவன் கிடங்குக்கை பிடிபட்டிட்டான், பாத்தியளே!"

"எப்பிடித் தம்பி விழுந்தனீர்?"

"வளைவிலை நிலம் கீழாலை இடிஞ்சு இறங்கிப்போச்சு, மாஸ்டர். நேற்று மத்தியானம் வரேக்கை கண்டனான். தண்ணி முட்டி நிண்டதாலை சும்மா குட்டை மாதிரித்தான் தெரிஞ்சுது. தடியை விட்டுப் பாத்தா இடுப்பளவு! பின்னேரம் மாஸ்டர் உதாலை வருவாரே, கண்ணாடி நனைஞ்சா மனிசன் நேரை உள்ளுக்கெல்லோ போவார் எண்டு யோசிச்சன். குழை முறிச்சா வேலிக்கார மனிசி கத்தும். கிடந்த காவோலை ஒண்டைக் குறுக்கை இழுத்துப் போட்டு, காத்துக்கு எழும்பாமல் ஒரு கல்லையும் தூக்கி வைச்சன். நீங்கள் காணேல்லையே?"

இவ்வினாவுக்கு விடையளிக்க எனக்கு ஒரு கணம் இருந்தது.

"நான் நேற்று மற்றப் பாதையாலை வந்தனான்," என்றேன்.

"அப்ப தப்பிட்டியள்! நல்லது." அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி தெரிந்தது. "விடியப் போகேக்கை சரியான மழை. எல்லா இடமும் ஒரே தண்ணி. ஓலையைப் பாத்துக்கொண்டுதான் போனனான். ஓலையைக் காணேல்லை. அப்ப வளைவு இன்னும் வரேல்லையாக்கும் எண்டு நினைச்சு இறுக்கி மிதிச்சன். அவ்வளவுதான்."

"ஆரோ தூக்கிக்கொண்டு போட்டுதுகள்," என்றார் அவர் மனைவி. "ஓலையிலையும் களவோ! உதுகளெல்லாம் மனிசரோ!"

"விடு, விடு. எடுத்தவன்ரை அடுப்பு நல்லா எரியட்டும்," என்று அவர் சிரித்தார்.

அவர் அதனைச் சினத்தோடு சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஒருவேளை தாங்கியிருப்பேன்.

கடற்கரையில் ஓலை பறவாதிருக்கக் கல் வைப்பார்கள். எங்கள் ஊரில் உரிமைக்குக் கல் வைப்பார்கள். அவர் எனக்காக வைத்த காவலை நான் பிறருடைய உடைமையென்று வாசித்தேன். வாசித்த பின்னும் எடுத்தேன். நான் நேர்மையான மனிதனாக இருந்திருந்தால், பிழையாக வாசித்திருந்தாலும் ஓலை அங்கேயே கிடந்திருக்கும். அவர் கால் நன்றாக இருந்திருக்கும். வேறுபட்ட வழக்கங்களின்மேற் பழியைப் போட்டு நான் தப்புவதற்கு வழியில்லை. எத்தனையோ முறை முயன்று பார்த்தேன்.

எலும்பு கோணலாகப் பொருந்திற்று. புண் ஆறுவதற்குத் தேவையான மருந்து அக்காலத்தில் ஒருவருக்கும் எளிதிற் கிட்டவில்லை. புண் புரையோடி, முழங்கால் மடங்காமல் நீட்டியபடியே நின்றுவிட்டது. முறிவு வைத்தியரிடமும் எண்ணெய் கட்டிப் பார்த்தார்கள். ஊன்றுகோலோடு முற்றத்தைக் கடக்க முடிந்தது. மிதிவண்டி மிதிக்க முடியவில்லை. அவருடைய மனைவிக்கு மிதிவண்டி ஓடத் தெரியாது. அவர் கடகத்தைத் தலையிற் சுமந்து அயலிலுள்ள ஒழுங்கைகளில் மட்டும் விற்றார். களப்புக் கரைக்கு நடந்து போய் வருவதற்குள் மீன் பதம் கெட்டுவிடும். பாதி நாள்களில் விற்பனையே இல்லை. மிதிவண்டி சுவரிற் சாய்த்தபடி நின்றது.

நான் வாரந்தோறும் முருங்கைக்காயும் வாழைக்காயும் கொண்டு சென்றேன். அவர் வருவோர் போவோரிடமெல்லாம், "மாஸ்டரைப் போலை ஒரு மனிசர் இந்த ஊரிலை இல்லை" என்று சொன்னார். அதனைக் கேட்டபடி அவ்வீட்டு வாங்குப் பலகையில் அமர்ந்திருப்பேன். சொல்லிவிட வேண்டும் என்ற உறுதியோடு போவேன், சொல்லாமல் திரும்புவேன். மறைத்த களவு ஒரு நாள் பழையதாக இருக்கையிற் சொல்வது வேறு. ஓராண்டு பழையதான பின் சொல்வது வேறு. நாள் செல்லச் செல்ல, ஓலையை எடுத்ததைவிட மறைத்தது பெரிதாயிற்று.

தொண்ணூற்று நான்கில் ஒரு முறை வாயெடுத்தேன்.

"தம்பி, அந்தக் காவோலை..."

"அதை விடுங்கோ மாஸ்டர். அவனைக் கண்டா நான் அடிக்கமாட்டன். கேக்கிறது ஒண்டுதான். கல்லைக் கண்டும் ஏன்ரா எடுத்தாய்?"

என்னிடம் அதற்கு விடை இருந்தது. 'வேறொருவருடையது என்று நினைத்து எடுத்தேன்' என்பதே அவ்விடை. என்னைக் குற்றத்திலிருந்து மீட்கும் விடையன்று அது. கொண்டுபோன முருங்கைக்காய்களை எடுத்து அவரருகே வைத்தேன். அவர் பேச்சை மாற்றி என் மூக்குக்கண்ணாடியைக் கேலி செய்தார்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில், படை நெருங்கிவர, ஊரெல்லாம் ஒரே நாளில் வெளியேற வேண்டுமென்று அறிவித்தார்கள். எனக்குத் தெரிந்த ஒழுங்கைகள் அனைத்தும் அன்று பயனற்றவை. எப்பாதையால் சென்றாலும் இறுதியில் அனைவரும் ஒரே தார் வீதிக்கு வந்து ஒரே பாலத்தைக் கடக்க வேண்டும். மறுநாட் பகலில், மழைக்கு ஊடே, நானும் மனைவியும் மிதிவண்டியில் மூட்டைகளை ஏற்றித் தள்ளிக்கொண்டு போனோம். தோளோடு தோள் உரசச் சனம். அடி வைப்பதற்கும் இடம் தேட வேண்டியிருந்தது.

"மாஸ்டர்!"

வீதியோரத்தில் அவர் தம் மிதிவண்டியின் பின்னிருக்கையில் இருந்தார். வலக்கால் உத்தரம்போல் நீண்டிருந்தது. போவோர் வருவோர் அதில் மோதிச் சினந்தனர். மனைவி வண்டியைத் தள்ள முடியாமல் அழுதுகொண்டு நின்றார். பின்சக்கரத்தில் காற்று இல்லை.

"நான் உங்களுக்கு எவ்வளவு ஒழுங்கை காட்டினன். இண்டைக்கு ஒண்டையாவது திருப்பிக் காட்டுங்கோவன்!" என்றார் அவர்.

என் மனைவி ஒன்றும் கேளாமல் எங்கள் மூட்டையை அவிழ்த்துத் தலையில் ஏற்றிக்கொண்டாள். புத்தகப் பொதியை வீதியோரத்தில் விட்டேன். அவரை என் வண்டியில் ஏற்றித் தள்ளினேன். அவர் மனைவி எங்கள் பின்னே வந்தார். இரண்டு மணி நேரம் அவ்வாறு சென்றோம். அவர் என் முதுகுக்குப் பின்னால் இருந்தார். முகம் பார்க்க வேண்டியதில்லை. பெரும் இரைச்சலில் வேறொருவருக்கும் கேளாது. சொல்வதற்கு அதைவிட ஏற்ற வேளை எனக்கு வாய்த்திராது. 'பாலம் கடந்ததும் சொல்வேன்' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பாலத்துக்குச் சற்று முன்னே சனம் நெருக்கியது. அவர் திரும்பிப் பார்த்தார். அவருடைய மனைவியைக் காணவில்லை.

"இறக்குங்கோ, மாஸ்டர். அவள் பின்னுக்கு நிண்டிட்டாள். நான் உந்த மதகடியிலை இருக்கிறன். நீங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"நாங்களும் நிக்கிறம்."

"நிக்க விடமாட்டுதுகள். போங்கோ. மாஸ்டர் செய்தது காணும்."

அவரை இறக்கி மதகின் கட்டின்மேல் இருத்தினேன். ஊன்றுகோலைக் கையிற் கொடுத்தேன். 'மாஸ்டர் செய்தது காணும்', இனிப் போதும் என்ற அச்சொல்லுக்கு நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் கூட்டம் எங்களை முன்னே தள்ளிற்று. திரும்பிப் பார்த்தபோது, குடைகளும் மூட்டைகளுமே தெரிந்தன. என் கண்ணாடி நனைந்திருந்தது.

தென்மராட்சியில் பள்ளிக்கூடங்களிலும் கோயில் மடங்களிலும் தேவாலய வளவுகளிலும் அவரைத் தேடினேன். வன்னிக்குப் போயிருக்கலாம் என்றார் ஒருவர். மன்னாருக்கு என்றார் மற்றொருவர். வள்ளமேறி இந்தியாவுக்குப் போனார் என்றும் கேள்விப்பட்டேன். அவர் மனைவி அவரைக் கண்டடைந்தாரா என்பதைக்கூட நான் அறியேன். நீட்டிய காலோடு அம்மதகடியில் அவர் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை அறிந்தவர் எவரையும் இன்றுவரை சந்திக்கவில்லை. நடக்கக்கூடிய கால் அவருக்கு இருந்திருந்தால் இவ்வினாக்கள் எழா.

எனக்கு முதுமை வந்துவிட்டது, நினைவு பிழைக்கக்கூடும். பனங்கூடலில் நிலம் இடிந்தது தொண்ணூற்று மூன்றிலா, அதற்கு முந்திய மாரியிலா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. களப்புக் கரைக்கு அவர் சென்ற வழியை நான் கேட்டறிந்தே எழுதினேன்; போய்ப் பார்த்ததில்லை. ஓலையில் கல் வைக்கும் வழக்கம் எல்லா ஊர்களிலும் ஒன்றுபோல் இருந்ததா என்பதும் தெரியாது. அறிந்தோர் இவற்றைத் திருத்துக. குருநகரில் அவருடைய உறவினர் எவரேனும் இதனை வாசிப்பாராயின், அவர் இந்நிகழ்ச்சியை எவ்வாறு சொல்லியிருந்தாரோ அவ்வாறே எழுதியனுப்ப வேண்டுகிறேன். என் எழுத்தும் அவர் சொல்லும் மாறுபடுமிடத்து, என்னுடையதை அடித்துவிட்டு அவருடையதையே கொள்க.